அத்தை லைனில் இருக்கிறார்

நிருபருக்குச் சொந்தத்தில் ஒரே ஒரு அத்தைதான். அவரும் இவர் கல்லூரியில் படிக்கும்போதே தவறிவிட்டார். ஆனாலும் பத்திரிகை அலுவலகத்தில் பதினோரு வருஷம், மாதத்துக்கு இரண்டு தரமாவது, மத்தியானம் மூன்று மணி வாக்கில், டெலிபோன் போர்டு அம்மாள் தன் கண்ணாடிக் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிடுவார். "சார், உங்க அத்தை லைன்ல இருக்காங்க."

நிருபர் எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடுவார். மற்றவர்கள் தலையைத் தூக்காமலே சிரிப்பார்கள். அந்த அத்தை அத்தை இல்லை என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். யார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நிருபருக்கும் தெரியாது. முகம் பார்த்ததில்லை, பேர் கேட்டதில்லை, எந்தத் துறை என்றுகூடத் தெரியாது. ஒரு குரல், அவ்வளவுதான். முதல் தடவை பேசியபோதே அந்தக் குரல் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தது.

"எழுதிக்குங்க. பாலம் கட்டின கான்ட்ராக்டர் விஷயமா துணை அமைச்சர் எழுதின லெட்டர். படிக்கிறேன். ரெண்டு தரம் படிக்க மாட்டேன்."

"நீங்க யாருன்னு..."

"அத்தைன்னு வெச்சுக்குங்க."

அந்தக் கடிதம் வெளியானதும் துணை அமைச்சர் பதவி இழந்து வீட்டுக்குப் போனார். நிருபருக்கு அரசியல் பக்கம் முழுவதும் கைக்கு வந்தது, மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள், போட்டோ போட்டார்கள். அத்தைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை பேசும்போது, போனை வைக்கப் போகிற நேரத்தில் சொன்னார்: "எனக்கு இந்த வேலைய விட்டா வேற நாதி இல்ல. அத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

"சொன்னவங்களக் காட்டிக் குடுக்க மாட்டோம். எங்க தொழில்ல அத விடப் பெரிய சத்தியம் கிடையாதுங்க" என்றார் நிருபர். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அந்த நிமிஷத்தில் அவரைவிட யோக்கியமான மனிதர் அந்த ஊரில் இல்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு விளையாட்டு உண்டு. அதற்கு 'யார் வாய்?' என்று பேர். காலையில் மற்ற பத்திரிகைகளை மேஜைமேல் விரித்துப் போட்டு, 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன' என்று வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். இது யார் வாயிலிருந்து வந்தது என்று ஊகிக்க வேண்டும். தோற்றவர் எல்லோருக்கும் டீ எடுத்து வர வேண்டும். நிருபர் டீ எடுக்கப் போய் யாரும் பார்த்ததில்லை. ஒரு சொல்லை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார். "'மேற்படி'ன்னு மூணு எடத்துல வருது பாருங்க. இது சட்டத் துறை வாய். அதுலயும் பழைய ஆளு. புதுசா வந்தவங்களுக்கு 'மேற்படி' எழுத வராது." விசாரித்துப் பார்த்தால் பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். பிடிபட்ட வாய்க்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அது அந்த அறையைத் தாண்டாது. எல்லாருமே அதே பிழைப்பில் இருப்பவர்கள்.

பத்திரிகை வேலையில் மொத்தம் இருபத்து நான்கு வருஷம் ஓடியது. பிறகு பத்திரிகை இளைத்தது. அரசியல் பக்கம் அரைப் பக்கம் ஆயிற்று, மீதி அரைப் பக்கத்தில் மெத்தை விளம்பரம் வந்தது. அந்தச் சமயம் பார்த்து சுகாதாரத்துக்குப் புதிதாக வந்த அமைச்சர் நிருபரைக் கூப்பிட்டனுப்பினார். "வெளிய நின்னு குத்தம் சொன்னது போதும். உள்ள வந்து சரி பண்ணுங்க" என்றார். இந்த மாதிரி வாக்கியத்துக்கு மயங்காத பத்திரிகைக்காரன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். நிருபர் மயங்கினார். வீட்டில் வந்து சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"நீங்க உள்ள போயிட்டா வெளிய நின்னு சொல்றதுக்கு யாரு இருக்கா?"

"வேற ஆள் வருவாங்க."

"உங்க அத்தைக்கு?"

அந்த வாரமே அத்தை கூப்பிட்டார். நிருபர் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில், பின்னால் எங்கோ ஒரு இரும்புக் கதவு கிறீச்சென்று இழுபட்டு மூடும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை பேசும்போதெல்லாம் கேட்கிற சத்தம்தான் அது.

"அப்ப இனிமே நான் யார்கிட்ட சொல்றது?"

நிருபர் தன் இடத்துக்கு வரப்போகிறவரின் பேரைச் சொன்னார். நல்லவர், நம்பலாம் என்றார். "நீங்க சொன்னா சரி" என்று அத்தை போனை வைத்துவிட்டார்.

அமைச்சரின் ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நிருபர், இனி ஆலோசகர் என்றே சொல்வோம், செயலகத்துக்குள் நுழைந்தார். கீழ்த்தளத்தில் லிப்டுக்குக் காத்திருந்தார். லிப்ட் வந்தது. உள்ளே இருந்தவர் இரும்புக் கதவை இழுத்தார். கிறீச். ஆலோசகர் திரும்பிப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே, சுவரோடு சுவராக, ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. பதினோரு வருஷமாகக் கேட்ட குரல் இங்கே நின்றுதான் பேசியிருக்கிறது. அந்தக் குரல் இப்போதும் இந்தக் கட்டடத்தில் எங்கோ இருக்கிறது. அவர் யாரென்று அதற்குத் தெரியும். அது யாரென்று அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவர் காது அவர் பேச்சைக் கேட்கவில்லை. நடைபாதையில் எந்தப் பெண் பேசினாலும் கால் தானாக நின்றுவிடும். முதுகுக்குப் பின்னால் யாராவது "எழுதிக்குங்க" என்றால் பேனாவைத் தேடுவார். திரும்பினால் யாராவது யாருக்காவது போன் நம்பர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். அவ்வளவு கடிதம், அவ்வளவு ரகசியம் கையில் வருகிறதென்றால் பெரிய பதவியாகத்தான் இருக்க வேண்டும். நிதிப் பிரிவில் நரைத்த தலையோடு ஒரு துணைச் செயலாளர் அம்மாள் இருந்தார். அவரேதான் என்று இவராக நிச்சயம் பண்ணிக்கொண்டு, எதிரே பார்க்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த மாதிரி ஒரு புன்னகை புரிவார். அந்த அம்மாள் ஒருநாள் தன் உதவியாளரிடம், "அந்த ஆலோசகருக்கு ஏதாவது கோளாறா?" என்று கேட்டாராம்.

ஆலோசகரின் வேலை என்னவென்று அவர் மனைவி கேட்டால், "கொள்கை வகுக்கிறது" என்பார். உள்ளபடி சொன்னால் சொல்லை மாற்றுவதுதான் வேலை. மற்றவர்கள் ஒன்றைச் செய்வார்கள், இவர் அதற்கு வேறு பேர் வைப்பார். எட்டாவது மாதத்தில் முப்பத்தொரு சின்ன மருத்துவமனைகளை மூடுவதென்று தீர்மானமாயிற்று. 'மூடல்' என்று எழுதினால் ஊர் கொதிக்கும் என்றார் அமைச்சர். ஆலோசகர் ஒரு காலை முழுக்க யோசித்து 'ஓய்வளிப்பு' என்று எழுதி, கட்டடம் முழுக்கப் பொதுவான டைப் செக்‌ஷனுக்கு அனுப்பினார். மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்து எவ்வளவோ காலமாகியும் அதற்கு டைப் செக்‌ஷன் என்றுதான் பேர். மத்தியானம் சாப்பிடும்போது அவருக்கே சிரிப்பு வந்தது, ஆஸ்பத்திரிக்கு யாராவது ஓய்வு கொடுப்பார்களா என்று. உடனே திரும்ப வாங்கி, 'ஒருங்கிணைப்பு' என்று மாற்றினார். அமைச்சருக்குப் போன கோப்பில் 'ஒருங்கிணைப்பு'தான் இருந்தது. 'ஓய்வளிப்பு' அந்த ஒரு காலைப் பொழுது மட்டும் உயிரோடு இருந்த சொல்.

நான்கு நாள் கழித்து அவருடைய பழைய பத்திரிகையின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: முப்பத்தொரு மருத்துவமனைகளுக்கு 'ஓய்வளிப்பு'.

அமைச்சரின் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அமைச்சர் பத்திரிகையை மேஜைமேல் தூக்கிப் போட்டார். துறைச் செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. யார், யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்திரிகை ஆலோசகரின் பக்கமாக வந்து விழுந்திருந்தது. அவர் அதை எடுத்துப் புரட்டினார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. காலை நேரம், விரித்துப் போட்ட பத்திரிகை, சுற்றிலும் முகங்கள். அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று. இருபத்து நான்கு வருஷப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

"இது டைப் செக்‌ஷன் வாய்" என்றார். "இந்தச் சொல்லு கோப்புல கெடையாது. மத்தியானத்துக்குள்ள நானே மாத்திட்டேன். பார்த்தவங்க அவங்க மட்டும்தான்."

சொல்லிவிட்டுச் சிரிப்போடு நிமிர்ந்து பார்த்தார். யாரும் டீ எடுக்கப் போகவில்லை. செயலாளர் தன் குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அப்போதும் ஆலோசகருக்குப் பெரிதாகப் பயம் இல்லை. அத்தை நிதிப் பிரிவில் பத்திரமாக இருக்கிறார் என்பது அவர் நினைப்பு. டைப் செக்‌ஷனில் யாரோ மூன்று பெண்கள். யாரோ என்றால் பரவாயில்லையா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவரைப் பற்றி நல்லதாக எழுதத்தான் எனக்கும் ஆசை, ஆனால் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குச் செயலாளர் அறை வாசலில் அந்த மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை விசாரணை. ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று பேருக்கும் வேலை போகும் என்று சொல்லித் தாளில் கையெழுத்து வாங்குவதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள். ஆலோசகர் தன் அறைக்குப் போகிற வழியில் அவர்களைக் கடந்தார். ஓரத்தில் இருந்த பெண் அழுதுகொண்டிருந்தாள். நடுவில் இருந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அழாத. நாளைக்கு ஒரு அரை மணி நேரம். அத்தோட சரி."

ஆலோசகரின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. அதே குரல். ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகப் போகிற அதே குரல். நரைத்த தலை இல்லை, பெரிய பதவி இல்லை. அவரைவிட நாலைந்து வயது சின்னவராகவே இருப்பார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. அந்தப் பெண்மணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எந்த அதிகாரி கடந்து போனாலும் எப்படித் தலையசைப்பாரோ, அப்படித் தலையசைத்தார்.

கடிதமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது. எந்த ரகசியமும் டைப் அடிக்காமல் பிறக்காது. பதினோரு வருஷம் அரசியல் எழுதிய மனுஷனுக்கு இது தோன்றவில்லை.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமலே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தச் சொல்லு வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான். நான்தானே எழுதினேன்."

"அப்ப முடிஞ்சது. பழைய பிரெண்டோட டீ குடிக்கும்போது வாய் தவறிச் சொல்லிட்டேன்னு நீங்க சொல்லிடுங்க. மூணு பேரும் தப்பிச்சுடுவாங்க."

"வேலை போயிடும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பத்திரிகையிலயும் திரும்பச் சேர்க்க மாட்டாங்க. என்னை அங்க இப்ப யாரும் ஆளா மதிக்கிறதில்ல."

"என் சம்பளத்துல சாப்பிடலாங்க. அந்தம்மாவுக்கு அப்படி யாராவது இருக்காங்களா?"

ஆலோசகர் முடிவு பண்ணிவிட்டார். அதை, கதை சொல்கிற நானும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காலையில் சவரம் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். "ஒரு நிமிஷம். அந்தச் சொல்ல வெளிய சொன்னது நான்தான்." நான்கு தரம் சொன்னார். நான்கு தரமும் நன்றாகவே வந்தது. மனைவி கதவருகில் நின்று கேட்டுவிட்டு, "சட்டை மாத்துங்க, காலர்ல சோப்பு" என்றார்.

விசாரணை அறையில் நீள மேஜை. செயலாளர் நடுவில், இரண்டு அதிகாரிகள், ஓரத்தில் ஆலோசகர். கண்டுபிடித்தவர் என்ற மரியாதையில் அவருக்கும் ஒரு நாற்காலி. அத்தையை முதலில் கூப்பிட்டார்கள். ஆலோசகரின் எதிரே உட்கார்ந்தார்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆலோசகர் ஏதாவது சொல்றீங்களா?" என்றார் செயலாளர்.

இதைவிட நல்ல இடம் ஒருவருக்கு அமையாது. ஆலோசகர் வாயைத் திறந்தார். தண்ணீர் எடுத்துக் குடித்தார். ஒரு மடக்கு, அடுத்த மடக்கு. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அத்தை பேசிவிட்டார்.

"நான்தான் சார். மத்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. அவங்கள அனுப்பிடுங்க."

செயலாளர் இவ்வளவு சீக்கிரம் முடியுமென்று எதிர்பார்க்கவில்லை. கேள்வித் தாளைப் புரட்டினார்.

"இதுதான் முதல் தடவையா?"

"இல்ல சார். பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாம் இந்தப் பத்திரிகைக்கேவா?"

"ஆமா."

"அங்க யார்கிட்ட? இப்ப எழுதினவர் புதுசு. அதுக்கு முன்னாடி யாரு?"

ஆலோசகர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இனி நாம் சொல்ல வேண்டியதில்லை, அத்தையே சொல்லிவிடுவார், ஒரு வழியாக முடிந்துவிடும் என்று நினைத்தார். அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. செயலாளரையே பார்த்துச் சொன்னார்.

"அவர் போயிட்டார், சார்."

செயலாளர் கண்டிப்பானவர், ஆனால் மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்ப?"

"கொஞ்ச நாளாச்சு."

"உடம்பு ஏதாவது...?"

"தெரியல சார். கடைசி வரைக்கும் நல்லாத்தான் பேசிட்டிருந்தார்."

செயலாளர் ஆலோசகர் பக்கம் திரும்பினார். "உங்க ஆபீஸ்தானே. உங்களுக்குத் தெரிஞ்சவரா இருக்கும்."

இரண்டாவது வாசலும் திறந்திருந்தது. எழுந்து நின்று, "போகலைங்க, இங்கதான் இருக்கேன்" என்று சொன்னால் போதும். கண்ணாடி முன்னால் பழகிய வாக்கியம்கூட வேண்டாம். இப்போது அது அத்தையையும் காப்பாற்றாது, தன்னையும் காப்பாற்றாது. ஆனாலும் உண்மையாக இருக்கும். ஆலோசகருக்கு அப்போது நெஞ்சில் வந்தது வெட்கம் இல்லை. அப்பாடா என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை அவர் சாகிற வரைக்கும் மன்னிக்கப் போவதில்லை, ஆனால் வந்தது என்னவோ அதுதான்.

"இருக்கலாம்" என்றார். "எங்க ஆபீஸ்ல ரெண்டு மூணு பேர் தவறிட்டாங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் அத்தை அன்று முதல் தடவையாக அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். போனில் தெரிந்த ஒருவருடைய குரலை வேறு யாரிடமோ கேட்டுவிட்ட மாதிரி, கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "கையெழுத்து எங்க சார் போடணும்?" என்றார். தாள் ஆலோசகரின் முன்னால் இருந்தது. அவர்தான் விரலால் இடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டினார்.

அன்று மத்தியானமே அத்தைக்கு வேலை போயிற்று. கிறீச்சென்று கதவு மூடி லிப்ட் இறங்குகிற சத்தம் நான்காவது மாடியில் ஆலோசகரின் அறை வரைக்கும் கேட்டது. எத்தனையோ பேர் ஏறி இறங்கும் லிப்ட். அது அவர்தானா என்று யாரும் சொல்ல முடியாது. ஆலோசகர் மட்டும் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று மணிக்கு விசாரணைப் பதிவு அவர் மேஜைக்கு வந்தது. டைப் செக்‌ஷனில் மிச்சமிருந்த இருவரில் ஒருத்தி அடித்தது. மொழி பார்த்து அனுப்பும்படி செயலாளர் மூலையில் குறித்திருந்தார். ஆலோசகர் முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். இரண்டாவது பக்கத்தில், நடுவில், இப்படி இருந்தது: 'இவரிடமிருந்து தகவல்களைப் பெற்றுவந்த பத்திரிக்கையாளர் காலமாகிவிட்டதாகத் தெரிவித்தார்.'

அந்த வரியை அவர் பலமுறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார். 'பத்திரிக்கையாளர்' என்பதில் தேவையில்லாமல் இருந்த 'க்'கை அடித்தார். 'காலமாகிவிட்டதாக' என்பதற்கு மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அதைத் தொடவில்லை. பக்கத்தின் அடியில், 'பார்த்தேன். வேறு பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.